ஓடுபாதை முனையில் ஒரு கவளம் சோறு

போன வாரம் ஷாலினி போன் செய்தாள். விமான நிலையத்தில் நான் ஓட்டிய வண்டியை இப்போது ஓட்டுகிறவள் அவள்தான். வேலைக்கு வந்த புதிதில் என்னோடு இரண்டொரு மாதம் சுற்றியிருக்கிறாள்.

“கோவிண்ணே, ஒண்ணு கேக்கணும் லா. ப்ளேன் போட்டோ எடுக்க வர்ற ஆளுங்களுக்கு வேலிக்கு வெளிய ஒரு மேடை கட்டித் தரப் போறாங்களாம். எங்க கட்டுனா நல்லாருக்கும்னு பாஸ் கேக்குறாரு. உங்களுக்குத்தான் எல்லா எடமும் தெரியும்னு நான் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா?” என்றேன். கொஞ்சம் பயந்துதான் போனேன். ஓய்வு பெற்றுப் புக்கிட் ரோத்தானில் வீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவனுக்கு இந்தப் பயம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி செல்லம்மாவும் அதைத்தான் கேட்டாள். ஆனால் படம் எடுக்க நல்ல இடம் எது என்று யாராவது கேட்டாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது காக்கைதான். ஏன் என்று ஷாலினிக்குப் போனில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் வேலை ஓடுபாதையிலிருந்து பறவைகளை விரட்டுவது. காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. செல்லம்மா வைத்த பெயர் காக்கா வெரட்டி. கல்யாண வீடுகளில் யாராவது “வீட்டுக்காரரு என்னா வேலை?” என்று கேட்டால் அவள் சத்தமாக அதையே சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்து வைப்பேன், வேறென்ன செய்வது.

அதற்கு முன்னால் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். அங்கிருந்து விமான நிலையத்தில் புல் வெட்ட வந்தேன், புல் வெட்டியவனைப் பறவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பறவைகளின் படங்களைக் காட்டினார்கள், ரேடியோவில் பேசச் சொல்லிக் கொடுத்தார்கள், வெடித்துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்கள். குண்டு கிடையாது, மேலே போய்ப் பட்டாசு மாதிரி வெடிக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் புவான் ரொஹானியிடம் கற்றது.

புவான் ரொஹானி எங்கள் மேலதிகாரி. புவான் என்பது மலாயில் ‘அம்மா’ என்று மரியாதையாகச் சொல்வது. மெலிந்த உருவம், மெல்லிய குரல். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, “மறுபடியும் சொல்லு கோவி, இந்தத் தடவை மெதுவா” என்பார். மெதுவாகச் சொல்லும்போதுதான் நாம் எதைப் பார்க்காமல் விட்டோம் என்பது நமக்கே தெரியவரும். அவர் மேசையில் ஒரு எஞ்சின் தகடு கிடந்தது. விமான எஞ்சினுக்குள் சுழலும் விசிறித் தகடு, ஓரத்தில் மடங்கிப் போனது. புதிதாக வருகிறவர்களை அந்த மடிப்பில் கட்டைவிரலை வைக்கச் சொல்வார். இரும்பை விடக் கெட்டியான தகடு, துணி மடித்த மாதிரி மடங்கியிருக்கும். “இது ஒரே ஒரு காக்கா” என்பார். வேறு பாடம் நடத்தமாட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதல் விமானம் இறங்குவதற்கு முன்னால் ஒரு சுற்று வரவேண்டும். வண்டிக் கண்ணாடியை இறக்கி வைக்கவேண்டும், ஏனென்றால் பறவையைப் பார்ப்பதற்கு முன்னால் காதில் கேட்கும். ஓடுபாதைக்குள் நுழையக் கட்டுப்பாட்டு டவரிடம் அனுமதி கேட்கவேண்டும். அவர்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்ன பிறகுதான் சக்கரம் உருளவேண்டும். புல் ரொம்பக் குட்டையாக இருந்தால் மைனாக்கள் புழு பொறுக்க வரும், ரொம்ப வளர்ந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பருந்து வரும். சாக்கடையில் தண்ணீர் தேங்கினால் கொக்கு. எதைச் செய்தாலும் ஏதோ ஒன்று வரத்தான் செய்யும்.

துப்பாக்கிக்கும் புவான் ஒரு விதி வைத்திருந்தார். இறங்க வரும் விமானத்தின் விளக்குகள் தூரத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும். கிட்டே வர வரத்தான் தனித்தனியாகப் பிரியும். “ஒண்ணா இருக்கும்போது சுடலாம். பிரிஞ்சிட்டா சுடாதே. பறவை மிரண்டு நேரா ப்ளேனுக்குள்ள போகும். அப்போ டவர்கிட்ட சொல்லு, ப்ளேன் மேலே ஏறிப் போகட்டும்.” இதையும் என்னை மெதுவாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

படம் எடுக்க வருகிறவர்களைப் பற்றி இப்போது சொல்கிறேன். சனி ஞாயிறுகளில் வேலிக்கு வெளியே ஏணியும் பெரிய கேமராவுமாக நிற்பார்கள். கம்பி வலை படத்தில் விழாமலிருக்க ஏணி. வெயில் ஏறிவிட்டால் தார் சூட்டில் காற்று நெளியும், படம் கலங்கிவிடும் என்று காலையிலேயே வந்துவிடுவார்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும், விமானம் எதிர்க்காற்றில் மெதுவாக வரவேண்டும், முன்னால் மரம் மறைக்கக்கூடாது, நிற்கும் இடம் கொஞ்சம் மேடாக இருக்கவேண்டும். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மேடு, காற்று, திறந்த வெளி, ஆள் தொந்தரவு இல்லாமை. காக்கை தேடுவதும் இதையேதான். எங்கே பறவை உட்காருமோ அங்கேதான் கேமராவும் நிற்கும். கடையில் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டி வந்த நாசி லெமாக் சோற்றை அங்கேயே சாப்பிட்டுக் காகிதத்தைப் போட்டுவிட்டுப் போனால் கேட்கவே வேண்டாம்.

அந்த இடங்களிலேயே நல்ல இடம் ஓடுபாதையின் வடக்கு முனை. வேலிக்கு வெளியே, ரோடு போட்டவர்கள் விட்டுப்போன மண்மேடு ஒன்று இருந்தது. அதில் நின்றால் விமானத்தின் வயிறு தலைக்கு மேலே போகும். சக்கரத்தின் தேய்மானம்கூடப் படத்தில் விழும் என்பார்கள். என் தூக்கத்தைக் கெடுத்ததும் அந்த மேடுதான்.

சில காலைகளில் அங்கே காக்கைகள் கூட்டமாகச் சேர்ந்தன. இரண்டு மூன்று என்றால் பரவாயில்லை, இது கறுப்பாக ஒரு கூட்டம். ஒரு விமானி ரேடியோவில் புகார் சொல்லிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது, பிறகு திடீரென்று ஒருநாள் கூட்டம். சனி ஞாயிறாகவும் இல்லை. “எதனாலே?” என்று புவான் கேட்டார். தெரியவில்லை என்றேன். “மெதுவா யோசி” என்றார்.

யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோலா சிலாங்கூர் ரோட்டில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போதும் கண் வானத்திலேயே இருக்கும். எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் ஒரு விமானத்தில்! ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள், கைக்குழந்தைகள். அத்தனை பேரும் என்னை நம்பித் தூங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று தோன்றும். அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் அப்படித்தான் தோன்றும்.

விடை என் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. ஒருநாள் எனக்கு விடுமுறை. பசி தாங்காமல் சாப்பிட உட்கார்ந்தால் செல்லம்மா தட்டை எடுத்துவிட்டாள்.

“இருங்க. காக்கா இன்னும் எடுக்கல.”

பின்சுவரில் வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, வடை. அவள் கா கா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடலாம். “நான் அங்க வெரட்டுறேன், நீ இங்க வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடு” என்று முணுமுணுத்தேன்.

“உங்க அப்பாவுக்குத்தான் வச்சிருக்கேன். அமாவாச அதுவுமா வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க.”

அமாவாசை! காலண்டரைப் பார்த்தேன். காக்கைகள் கூடிய நாட்களை ஒவ்வொன்றாக நினைவில் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் அமாவாசை. பசி போய்விட்டது.

அடுத்த அமாவாசை காலையில் வேலிக்கு உள்ளே, மேட்டுக்கு நேராக வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். ஒரு பழைய மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. அறுபதைத் தாண்டிய ஒரு தமிழர், நெற்றியில் திருநீறு, கையில் தூக்குச்சட்டி. மேட்டில் ஏறினார். ஒரு இடத்தைக் காலால் தடவிச் சுத்தம் செய்தார். இலையை விரித்தார். சோறு, சாம்பார், வடை, ஒரு டின் மைலோ. தோளில் ஒரு கேமரா தொங்கியது. அதைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வானத்தைப் பார்த்து, “கா… கா…” என்றார்.

நான் வேலிக்கு ஓடினேன். எங்கள் நடுவில் கம்பி வலை.

“அண்ணே! இங்க வைக்கக்கூடாது. எடுத்துருங்க.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தமிழ் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. “கொஞ்ச நேரந்தான் தம்பி. எம் மவனுக்கு. சரவணன்னு பேரு. போட்டோ எடுக்க இங்கதான் வருவான். வேல இல்லாத நாளெல்லாம் இந்த எடத்துலதான் நிப்பான். திரும்பி வரும்போது மழ, மோட்டார் வழுக்கி…” குனிந்து கேமராவின் வாரை நேராக்கினார்.

“வீட்ல வைங்கண்ணே.”

“வீட்ல வச்சுப் பார்த்தேன். ரவாங்ல எட்டாவது மாடி. ஒரு காக்காவும் வரல. எப்படி வருவான்? உயிரோட இருக்கும்போதே வீடு தங்கல. இங்க வச்ச அன்னிக்கு உடனே வந்துட்டான் தம்பி. வந்து எடுத்துட்டான்.” கண்களைத் துடைத்துக்கொண்டார். “அவன்தான் எனக்கு வைக்கணும். நான் அவனுக்கு வச்சிக்கிட்டு இருக்கேன்.”

எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குள் காக்கைகள் வந்துவிட்டன. முதலில் ஒன்று இலையருகே இறங்கி வடையைக் கொத்தியது. பின்னால் மரங்களிலிருந்து மற்றவை. அவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான் வடக்கே பார்த்தேன். மூட்டத்துக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி.

ஒரே புள்ளியாகத்தான் இருந்தது. ஆனால் பெரிதாகிக்கொண்டே இருந்தது.

“அண்ணே, ப்ளேன் வருது! இலைய மூடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்!”

“சாப்பிடட்டும் தம்பி. பாதி சாப்பாட்டுல எழுப்பக்கூடாது.”

அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, அதை நான் சொல்லியாகவேண்டும். சாப்பிடுகிற பிள்ளையை எழுப்ப மனசு வராத தகப்பன் பேசுகிற மாதிரிதான் பேசினார். புள்ளி இரண்டாகப் பிரிந்துவிட்டால் பிறகு சுட முடியாது. பிரிந்துவிட்டதோ என்று கூடச் சந்தேகம் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். இன்னும் ஒன்றுதான். துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டேன்.

வானத்தில் வெடித்தது. காக்கைகள் கலைந்து எழும்பின. இலை புரண்டது, மைலோ டின் உருண்டது. நான் ரேடியோவில் டவரிடம் சொல்லிக்கொண்டே அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். சாக்கடைப் பக்கம் போயின, கடவுளே, அங்கேயே போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒன்று மட்டும் திரும்பி வந்து மேட்டைச் சுற்றியது. மறுபடியும் சுட முடியாது, விளக்குகள் பிரிந்துவிட்டன. விமானம் எங்கள் தலைக்கு மேலே வந்தது. அந்தக் காக்கை அதன் இறக்கைக்குக் கீழே தாழ்ந்து, புல்லை ஒட்டிப் பறந்து போய்விட்டது. சக்கரங்கள் தரையைத் தொட்ட சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். துப்பாக்கியைத் தாழ்த்தினேன்.

அவர் சிதறிய சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“எம் மவன வெரட்டிட்டீங்களே தம்பி” என்றார்.

நான் செய்தது தப்பென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை எலும்பு வரைக்கும் இறங்கியது. அன்று முழுக்க எதைத் தொட்டாலும் அதே குரல் கேட்டது.

புவான் ரொஹானியிடம் நடந்ததைச் சொன்னேன். மெதுவாகவே சொன்னேன், அவர் கேட்காமலே. நாங்கள் பேசுவது மலாய்தான், இறந்தவர்கள் காக்கையாக வருவார்கள் என்பதை அதில் விளக்க எனக்கு வராது, திணறினேன். அவர் தகட்டின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்லயும் செத்துப்போனவங்களுக்காகச் சாப்பாடு போடுவோம்” என்றார் கடைசியில். “ஆனா மனுஷங்களுக்குப் போடுவோம். மனுஷங்க ரன்வேக்கு வரமாட்டாங்க.” சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “அந்த மேட்டை மட்டமாக்கச் சொல்லி எழுதப்போறேன். போலீசுக்கும் சொல்லணும். அதுதான் விதி. ஆனா அந்த மனுஷர் நாளைக்கு வேலிக்கு இன்னொரு பக்கம் போய் வைப்பார், இல்லையா?”

“வைப்பார், புவான்.”

“அப்போ போலீசுக்கு எழுதறத அடுத்த அமாவாசை வரைக்கும் வச்சிருக்கேன். பறவை எங்க உக்காரும்னு உனக்குத் தெரியும். ப்ளேன் எங்க நல்லாத் தெரியும்னும் தெரியும். ரெண்டும் இருக்கணும், ஆனா ஒண்ணுக்கொண்ணு தொடாத உயரத்துல இருக்கணும். அப்படி ஒரு இடம் தேடிக் கொடு.”

வேலை அட்டையில் இல்லாத வேலை. விடுமுறை நாட்களில் சுற்றினேன். கடல் பக்கமிருந்து வரும் விமானங்கள் எங்கள் வட்டாரத்துக்கு மேலேதான் திரும்பி நிலையத்தை நோக்கி நேராகும். அங்கே அவை நல்ல உயரத்தில் இருக்கும், காக்கை எட்டாது. ஆனாலும் வாலின் நிறம் தெரியும். ஆகவே எங்கள் ஊர்ப் பக்கமே தேடினேன். கோலா சிலாங்கூர் குன்றில் வானம் அருமையாகத் தெரிந்தது, ஆனால் இலையை விரிப்பதற்குள் குரங்குகள் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆற்று முகத்துவாரத்தில் பருந்துகளின் ராஜ்ஜியம், காக்கை தலைகாட்டாது. தோட்டங்களுக்குள் போனால், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் ஓலை வானத்தை மூடிக்கிடக்கும். அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. செல்லம்மா வேறு, “ஊருல எல்லாரும் வீடு வாங்க எடம் பாப்பாங்க, நீங்க காக்காவுக்கு எடம் பாக்குறீங்க” என்றாள். ஆனால் அவள்தான் இடத்தையும் சொன்னாள். “பழைய தோட்டத்துல மரத்தயெல்லாம் சாச்சிட்டாங்களே. மாரியம்மன் கோயில் பின்னால. பொட்டல்காடா கெடக்கு, போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். மறுநடவுக்காகச் செம்பனைகளைச் சாய்த்திருந்தார்கள். முழங்கால் உயரக் கன்றுகள், அதற்கு மேல் முழு வானம். கோயில் கூரையில் காக்கைகள். நான் நின்ற நேரத்திலேயே விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பிப் போயின.

மாணிக்கம், அதுதான் அவர் பெயர், உடனே சம்மதிக்கவில்லை. ரவாங்கில் விசாரித்து, அவர் வீட்டுக்கு லிப்டில் ஏறிப்போய்ப் பேசினேன். கதவைத் திறந்தவர், துப்பாக்கி இருக்கிறதா என்பதுபோல முதலில் என் கையைத்தான் பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “வரேன். ஆனா அவன் எடுக்கணும். எடுக்கலன்னா நான் பழைய எடத்துக்கே போவேன். போலீஸ் புடிச்சாலும் சரி.”

நியாயம்தான். ஆனால் காக்கை எனக்குச் சொன்னபடி கேட்குமா?

அந்த அமாவாசை காலையில் விடுப்பு எடுத்தேன். அவர் கோயில் பின்னால் இலையை விரித்தார். அதே சோறு, அதே வடை, அதே மைலோ டின், பக்கத்தில் கேமரா. கூப்பிட்டார். கூரையில் இருந்த காக்கைகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன, இறங்கவில்லை. விமானம் ஒன்று போனது. மைனாக்கள் வந்தன, அவர் கையை வீசி விரட்டினார். மறுபடியும் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். வாழ்நாளெல்லாம் விரட்டிய வாயால், “கா… கா… வா சாமி, வா” என்று கூப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கூப்பிட்டேன். என் சத்தம் கேட்டதும் இரண்டு எழும்பித் தூரமாகப் போய் உட்கார்ந்தன.

காக்கைக்கு முகம் மறக்காது. நிலையத்தில் என் வண்டியைக் கண்டாலே எழும்பிப் போகும், மற்றவர்கள் வண்டிக்கு அசையாது. இவற்றில் ஒன்றிரண்டு அங்கிருந்து வந்தவையாக இருக்குமோ? இத்தனை தூரம் வருமா என்ன? ஆனால் அந்த நேரத்தில் எதையும் நம்பத் தோன்றியது. மாணிக்கமும் அதையேதான் நினைத்தார் போல.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் மறைவா போங்க. உங்களப் பார்த்துப் பயப்படுறான்.”

காருக்குள் போய்ச் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன், வெக்கை தாங்கவில்லை. எடுக்காவிட்டால் அவர் வேலிக்கே திரும்பிப் போவார். நாளைக்கு என் இடத்தில் நிற்கிறவன் புள்ளி பிரிந்த பிறகு சுடுவான். அல்லது சுடவே மாட்டான். புவான் மேசையிலிருந்த மடங்கிய தகடு கட்டைவிரலில் மறுபடியும் தட்டுப்பட்டது போலிருந்தது. தலைக்கு மேலே ஒரு விமானம் போனது, பிறகு இன்னொன்று. வெளியே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. எழுந்து பார்க்க ஆசை, பார்த்தால் கெட்டுப்போகுமோ என்று பயம். அப்படியே கிடந்தேன்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். துண்டை எடுத்தேன். மாணிக்கம் நின்றார். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கினேன். தூக்குச்சட்டி மூடியில் சோறும் ஒரு வடையும் வைத்து உள்ளே நீட்டினார்.

“சாப்பிடுங்க தம்பி” என்றார். “இனிமே நாம சாப்பிடலாம்.”

வாங்கிக்கொண்டேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.